நங்கூரமும் பட்டறிவும்

பத்துப் பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு, குடும்பத்தோடு கடல்களைச் சுற்றிவரும் மக்கள் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் பலர் இருக்கின்றனர். பகலில் பாயும் சுக்கானும் அவர்கள் கையில் இருக்கும். இரவிலோ ஏதேனும் ஒரு விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சிவிட்டு உறங்கச் செல்வார்கள். பல டன் எடையுள்ள படகையும் அதில் உறங்கும் உயிர்களையும் அப்போது காத்து நிற்பது, நீருக்கடியில் மண்ணில் புதைந்திருக்கும் 15 அல்லது 20 கிலோகிராம் இரும்பு ஒன்றுதான். அது பிடி விட்டால் என்ன ஆகும்? படகு ஒரு ‘நாட்’ வேகத்தில், அதாவது மணிக்கு 1.85 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால்கூட, 200 மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் ஏழு நிமிடங்களுக்குள் மோதிவிடும். உறங்குகிறவர் விழித்து, நிலைமையை உணர்ந்து, எஞ்சினை முடுக்குவதற்கு அந்த நேரம் போதாமற் போகலாம்.

இத்துணை முக்கியமான கருவியைத் தேர்ந்தெடுப்பதில் படகுக்காரர்கள் மிகுந்த விழிப்போடு இருப்பார்கள் என்றே நாம் எதிர்பார்ப்போம். 1990களுக்குப் பிறகு நங்கூரத்தின் வடிவத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. ஆயினும் 1933ஆம் ஆண்டில் பிறந்த வடிவமும் அதன் நகல்களும் இன்றும் எத்தனையோ படகுகளின் முன்முனையில் அமர்ந்திருக்கின்றன. இதற்குக் காரணம் கேட்டால் இரண்டு விதமான விடைகள் கிடைக்கும். “எல்லாம் பழமைப் பற்று, சோதனை முடிவுகளைக் காட்டினாலும் நம்ப மறுக்கிறார்கள்” என்பர் புதுவகையை ஆதரிப்போர். “இருபது ஆண்டுகளாக என் நங்கூரம் என்னைக் கைவிட்டதில்லை, பட்டறிவுக்கு மேல் என்ன சோதனை?” என்பர் பழைய வகையைப் போற்றுவோர்.

இரு சாராரும் அறிவியலின் பெயரால்தான் பேசுகின்றனர். ஒரு சாரார் சோதனையைச் சான்றாகக் காட்டுகின்றனர். மறு சாரார் அனுபவத்தைக் காட்டுகின்றனர். இந்தச் சான்றுகள் எவ்வளவு எடை தாங்கும் என்று சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நங்கூரத்தைத் தொட்டறியாத மாணவருக்கும் இந்த ஆராய்ச்சி பயன்படும். மருந்தோ, விதையோ, எஞ்சினோ எதை மதிப்பிடுவதானாலும் இதே கேள்விகள் எழுகின்றன அல்லவா?

பிடிப்பது எடையன்று

நங்கூரம் என்றதும் கனத்தால் படகைப் பிடித்து நிறுத்தும் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். கல்லைக் கட்டி இறக்கிய பழங்காலத்தில் அது ஓரளவு உண்மை. 20 கிலோகிராம் கல்லை நீரில் இறக்கினால், மிதப்பு விசையின் காரணமாக அதன் எடை ஏறத்தாழ 12 கிலோகிராமாகக் குறைந்துவிடும். அதைத் தரையோடு இழுக்கும்போது தடுப்பது உராய்வு மட்டுமே. அது இந்த 12 கிலோகிராமைவிடவும் குறைவாகவே இருக்கும். இவ்வளவு சிறு விசை ஒரு தோணியைத் தென்றலில் நிறுத்தலாம். காற்று வலுத்தால் நிறுத்தாது.

இரும்பு நங்கூரம் வேலை செய்யும் முறையே வேறு. அதன் அகன்ற அலகு கடலடித் தரையில் குத்தி இறங்கிப் புதைகிறது. இழுவை கூடக் கூட இன்னும் ஆழமாக இறங்குகிறது. அதன் முன்னாலுள்ள மண் முழுவதையும் பெயர்த்தால்தான் அது நகர முடியும். அதாவது, படகைப் பிடிப்பது இரும்பின் எடையன்று, மண்ணின் வலிமையே. நல்ல மணலில் புதைந்த நங்கூரம் தன் எடையைப்போல் பல பத்து மடங்கு இழுவையைத் தாங்குவது இதனால்தான். அலுமினியத்தால் செய்த இலேசான நங்கூரங்களும் மணலிலும் சேற்றிலும் சிறப்பாகப் பிடிப்பதே இதற்குப் போதிய சான்று.

எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். காற்றை எதிர்க்கும் பரப்பு 10 சதுர மீட்டர் என்று கொள்வோம். 15 நாட் காற்றில் படகின் மேல் தோராயமாக 36 கிலோகிராம் விசை செயற்படும். 30 நாட் காற்றில் அது 145 கிலோகிராம் ஆகும். 60 நாட் புயற்காற்றில் 580 கிலோகிராம் ஆகிவிடும். வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்காகிறது. அலைகளின் குலுக்கலும் படகு இருபுறமும் ஊசலாடுவதும் இதற்கு மேலான கூடுதல் சுமைகள்.

நங்கூரத்தோடு சங்கிலியையும் சேர்த்தே எண்ண வேண்டும். இழுவை தரையோடு தரையாகக் கிடைமட்டமாக வந்தால்தான் அலகு புதைந்து நிற்கும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். சங்கிலி தன் எடையால் தொய்ந்து, இழுவையைக் கிடைமட்டமாக்கித் தருகிறது. 8 மில்லிமீட்டர் தடிப்புள்ள சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோகிராம் இருக்கும், நீரில் 1.2 கிலோகிராம். நீரின் ஆழம் 5 மீட்டர், படகின் முன்முனை நீருக்கு மேல் 1 மீட்டர் உயரம் என்று கொண்டால், இழுவை கிடைமட்டமாக இருப்பதற்கு 15 நாட் காற்றில் சுமார் 20 மீட்டர் சங்கிலி வேண்டும். 30 நாட் காற்றில் 38 மீட்டரும், 60 நாட் காற்றில் 76 மீட்டரும் தேவைப்படும். சிறு படகுகள் பல அவ்வளவு நீளம் சுமப்பதில்லை. சுமந்தாலும் நெருக்கடியான விரிகுடாவில் அவ்வளவு நீளம் விட இடம் இராது.

இந்தக் கணக்கிலிருந்து ஓர் உண்மை விளங்கும். சாதாரண இரவுகளில் நங்கூரத்தின் வடிவத்துக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. சங்கிலியின் எடையும் தொய்வுமே படகை நிறுத்திவிடுகின்றன. நல்ல நங்கூரத்துக்கும் மோசமான நங்கூரத்துக்கும் உள்ள வேறுபாடு, சங்கிலி நாண்போல் விறைத்து நிற்கும் அந்தச் சில இரவுகளில்தான் வெளிப்படும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கலப்பையிலிருந்து மண்வெட்டிக்கு

சிறு படகுகளின் நங்கூர வரலாற்றில் 1933 ஒரு திருப்புமுனை. அதற்குமுன் பெரிதும் வழக்கில் இருந்தது, ஓவியங்களில் நாம் காணும் பழைய வடிவம்: நெடிய தண்டு, இரு கைகள், அவற்றுக்குக் குறுக்கே ஒரு தடி. பாறையிலும் கடற்செடிகளுக்கு இடையிலும் அது நன்றாகக் கொளுவும். ஆனால் கனம் மிகுதி, அலகு சிறிது, ஒரு கை மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், படகு சுழலும்போது சங்கிலி அதில் சிக்கிக்கொள்ளும்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. ஐ. டெய்லர் (1886–1975) பாய்மத்தின் ஓட்டத்தையும் உலோகங்களின் வலிமையையும் ஆராய்ந்து பெரும்புகழ் பெற்ற அறிவியலார். பாய்மரப் படகோட்டுவதிலும் தேர்ந்தவர். அவர் இரு கலப்பைக் கொழுக்களை முதுகோடு முதுகு சேர்த்தாற்போன்ற ஓர் அலகை அமைத்து, அதைக் கீல் வைத்துத் தண்டோடு இணைத்தார். இழுவையின் திசை சற்று மாறினாலும் கீல் திரும்பிக் கொடுப்பதால் அலகு உடனே பெயராது. ‘செக்யூர்’, அதாவது ‘பாதுகாப்பு’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒலி தோன்ற, அதற்கு ‘சி.கியூ.ஆர்.’ என்று பெயரிட்டார். எடை குறைவாக இருந்ததால் நீரில் இறங்கும் விமானங்களுக்கும் அது ஏற்றதாயிற்று.

அதன்பின் வந்தவற்றை விரைவாகக் காண்போம். 1940களில் அமெரிக்கரான ரிச்சர்டு டான்ஃபோர்த்தின் தட்டை அலகு நங்கூரம், போரில் கரையிறங்கும் படகுகளுக்குப் பயன்பட்டது. 1970களில் பீட்டர் புரூஸ், கடலடி எண்ணெய் மேடைகளுக்காகப் பறவையின் கால்நகம் போன்ற ஒற்றை வார்ப்பு நங்கூரத்தை உருவாக்கினார். சிறு படகுகளும் அதை ஏற்றன. 1980களின் இறுதியில் கீல் இல்லாத கலப்பையாக ‘டெல்டா’ வந்தது.

இவற்றுக்குப் பிறகுதான் கருத்தளவில் மாற்றம் ஏற்பட்டது. கலப்பைக் கொழுவின் வெளிப்புறம் குவிந்தது. அது மண்ணை இருபுறமும் ஒதுக்கிக்கொண்டு முன்னேறுகிறது. உழவுக்கு அது நல்ல குணம். அசையாமல் நிற்க வேண்டிய நங்கூரத்துக்கு அது நல்ல குணமா? மண்ணை ஒதுக்காமல் வாரித் தடுக்கும் குழிந்த அலகே தேவை என்று சிலர் வாதிட்டனர். பிரான்ஸில் 1990களில் அலேன் புவாரோ உருவாக்கிய நங்கூரத்தின் பெயரே ‘ஸ்பேட்’, அதாவது மண்வெட்டி. அதன் கூர்முனையில் ஈயத்தை நிறைத்து, எப்படி விழுந்தாலும் முனை முதலில் தரையைக் குத்துமாறு அவர் செய்தார். அதற்கு முன்பே 1980களில் ஜெர்மனியில் வந்த ‘பூகல்’ நங்கூரத்தில் அலகின் பின்புறம் அரைவட்ட வளையம் ஒன்று இருந்தது. தலைகீழாக விழுந்தாலும் அந்த வளையம் அதை உருட்டி நிமிர்த்தும். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் இந்த இரு கருத்துகளையும் இணைத்து, 2000களின் தொடக்கத்தில் ‘ரோக்னா’ என்னும் நங்கூரத்தை வடிவமைத்தார். ‘புதுத்தலைமுறை’ என்று இன்று அழைக்கப்படுபவை பெரும்பாலும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே.

படாமல் வந்த பட்டறிவு

இனி வாதங்களுக்கு வருவோம். முதலில் பழைய வகையைப் போற்றுவோரின் வாதம். “என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை” என்பது கேட்பதற்கு உறுதியான சான்றாகத் தோன்றுகிறது. அது எவ்வளவு உறுதியானது என்பதை எண்களால் அளந்து பார்க்கலாம்.

கற்பனையாக இரு நங்கூரங்களை எடுத்துக்கொள்வோம். கடுங்காற்று வீசும் இரவுகளில், பழைய நங்கூரம் 20 இரவுக்கு ஒரு முறை இழுபடும் என்றும், புதிய நங்கூரம் 100 இரவுக்கு ஒரு முறை மட்டுமே இழுபடும் என்றும் வைத்துக்கொள்வோம். புதியது ஐந்து மடங்கு மேலானது; ஐயமே இல்லை. ஆண்டுக்கு இரண்டு கடும் இரவுகள் வீதம் பத்தாண்டில் ஒருவர் 20 கடும் இரவுகளைச் சந்திக்கிறார். பழைய நங்கூரம் ஓர் இரவு பிடித்து நிற்பதற்கான வாய்ப்பு 0.95. அந்த எண்ணை இருபது முறை தன்னோடு பெருக்கினால் 0.36 கிடைக்கும். அதாவது பழைய நங்கூரம் வைத்திருக்கும் நூறு பேரில் 36 பேருக்குப் பத்தாண்டில் ஒருமுறைகூட அது இழுபட்டிராது. அந்த 36 பேரும் தங்கள் நங்கூரத்தைப் பற்றி உறுதியோடு சான்று கூறுவார்கள். அவர்கள் கூறுவதில் பொய் ஒன்றும் இல்லை.

மறுபுறமும் பாருங்கள். 0.99 என்ற எண்ணை இருபது முறை பெருக்கினால் 0.82. ஆகவே புதிய நங்கூரம் வாங்கிய நூறு பேரில் 18 பேருக்கு அது ஒருமுறையேனும் இழுபட்டிருக்கும். “இவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் இப்படி ஆயிற்றே” என்று அவர்கள் துறைமுகம் தோறும் சொல்வார்கள். இந்த 36 பேரும் அந்த 18 பேரும் ஒரே துறைமுகத்தில் சந்தித்துப் பேசினால், கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞன் எந்த முடிவுக்கு வருவான்? ஐந்து மடங்கு மேலான பொருளைத் தாழ்ந்தது என்று அவன் கருதிவிடலாம்.

‘பட்டறிவு’ என்பது நம் மொழியின் அழகிய சொற்களில் ஒன்று. பட்டு, அதனால் பெறும் அறிவு அது. ஆனால் நங்கூரம் இழுபடாத படகுக்காரர் எதையும் படவில்லை. ஆயிரம் இரவுகள் அமைதியாகக் கழிந்தது உண்மை. அவற்றில் மிகப் பெரும்பாலான இரவுகளில் வேலை செய்தது சங்கிலி என்பதை மேலே கண்டோம். அந்த இரவுகள் நங்கூரத்துக்கு வைத்த தேர்வே அல்ல. தேர்வு எழுதாத மாணவன் தோற்றதில்லை என்று பெருமை கொள்வதை நாம் ஏற்போமா?

புதிய நங்கூரத்துக்கு மாறியவர்களின் புகழுரையையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். ஒருவர் எப்போது நங்கூரத்தை மாற்றுகிறார்? பெரும்பாலும், மோசமான ஓர் இரவில் நங்கூரம் இழுபட்ட பிறகே. அத்தகைய இரவு அரிதானது. அடுத்து வரும் இரவுகள் எந்த நங்கூரத்தோடும் அமைதியாகவே கழிந்திருக்கக்கூடும். அந்த அமைதிக்கான பெருமை முழுவதும் புதிய நங்கூரத்தைச் சேர்ந்துவிடுகிறது. மேலும், மாற்றுகிறவர் பெரும்பாலும் முன்னதைவிட ஓர் அளவு பெரியதாகவே வாங்குகிறார். சங்கிலியையும் சேர்த்துப் புதுப்பிக்கிறார். பட்ட அச்சத்தால் முன்னைவிட நீளமாகச் சங்கிலி விடுகிறார். நங்கூரம் புதைந்ததா என்று எஞ்சினைப் பின்னோக்கி இயக்கிப் பார்க்கவும் கற்றுக்கொள்கிறார். இத்தனை மாற்றங்களில் வடிவத்தின் பங்கு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

சோதனைகளுக்கு ஒரு சோதனை

அப்படியானால் முறையான சோதனையே வழி என்பது தெளிவு. ஆனால் ‘சோதனை’ என்ற பெயர் மட்டும் ஒன்றை நம்பத்தக்கதாக்கிவிடாது. இரு புகழ்பெற்ற சோதனைகளை எடுத்துக்கொள்வோம்.

2006ஆம் ஆண்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் படகு இதழ்களும் படகுச் சாமான் விற்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்றும் சேர்ந்து, கலிபோர்னியாவில் சாந்தா குரூஸ் கடற்கரையருகே பல வகை நங்கூரங்களை இழுத்துப் பார்த்தன. அங்குள்ள தரை கெட்டியான மணல். ரோக்னா முதலிய புதிய வகைகள் முன்னணியில் நின்றன. கீல் வைத்த பழைய கலப்பை மிகவும் பின்தங்கியது. புதுவகையின் புகழ் பரவியதில் இந்தச் சோதனைக்குப் பெரும் பங்குண்டு.

2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் மற்றொரு சோதனை நடந்தது. அங்குள்ள தரை மிக மென்மையான சேறு. இம்முறை முதலிடம் பெற்றது ‘ஃபோர்ட்ரெஸ்’ என்னும் அலுமினிய நங்கூரம். அதன் தட்டை அலகின் கோணத்தை 32 பாகையிலிருந்து 45 பாகைக்கு மாற்றிக்கொள்ளலாம். சேற்றில் அந்த அகன்ற கோணமே வென்றது. கெட்டி மணலில் ஒளிவீசிய புதிய வகைகள் பலவும் இங்கே அவ்வாறு ஒளிவீசவில்லை. இச்சோதனையை ஏற்பாடு செய்து செலவை ஏற்றது ஃபோர்ட்ரெஸ் நிறுவனமே.

நிறுவனமே நடத்தியதால் முடிவு பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கப்பலில், பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க நடந்த சோதனை அது. தட்டையான அகன்ற அலகு மென்சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்பது இயற்பியலுக்கும் பொருந்துகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று: எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை அங்கே முடிவு செய்தவர் யார்? தம் பொருள் எந்த மண்ணில் சிறக்கும் என்பதை அறிந்த ஒருவர், அந்த மண்ணைத் தேர்ந்தெடுக்கிறார். விடை உண்மையாக இருக்கும்போதே கேள்வி ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம். புதுவகை நங்கூரம் செய்வோர் கெட்டி மணற் சோதனையை மேற்கோள் காட்டுவதற்கும் இது பொருந்தும்.

இவற்றில் மற்றொரு குறையும் உண்டு. பெரும்பாலான சோதனைகளில் நங்கூரத்தை ஒரே திசையில் நிதானமாக இழுக்கின்றனர். கடலில் நங்கூரம் பெயர்வது பல வேளைகளில் அவ்வாறன்று. நள்ளிரவில் காற்றோ நீரோட்டமோ திரும்பும். படகு எதிர்ப்பக்கம் சென்று நங்கூரத்தைப் பின்புறமாக இழுக்கும். அது பெயர்ந்து, மறுபடி புதைய வேண்டும். அலகில் அப்பிய களிமண்ணோ சிக்கிய கல்லோ அதைப் புதையவிடாமல் தடுக்கலாம். இந்த ‘மறுபிடிப்பு’த் திறனை அளக்காத சோதனை, பாதி வினாத்தாளை மட்டும் தந்த தேர்வாகும். அன்றியும், ஒரே நங்கூரத்தை ஒரே இடத்தில் ஐந்து முறை இழுத்தால் ஐந்து வேறுபட்ட எண்கள் கிடைக்கும். ஒரு முறை மட்டும் இழுத்துவிட்டுத் தரவரிசை போடுவது, நாணயத்தை ஒருமுறை சுண்டிவிட்டு அதன் குணத்தைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

சரியான முறை உலகுக்குத் தெரியாததன்று. பெரிய கப்பல்களின் நங்கூரங்களுக்கு லாயிட்ஸ் ரெஜிஸ்டர் போன்ற தரநிர்ணய அமைப்புகள் வகுத்த விதிகள் இருக்கின்றன. அதே எடையுள்ள சாதாரணக் கப்பல் நங்கூரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு பிடித்தால் ‘உயர் பற்றுதிறன்’, நான்கு மடங்கு பிடித்தால் ‘மிகை உயர் பற்றுதிறன்’ என்று அவை பிரிக்கின்றன. மென்சேறு, மணல் அல்லது சரளை, கெட்டிக் களி என மூவகைத் தரையிலும் சோதித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஒரு மண்ணில் மட்டும் வென்றால் போதாது. படகு இதழ்களில் வரும் தரவரிசையைப் படிப்பவர், இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

அணியத்தின் ஆட்சி

இவ்வளவு குறைகளைச் சொன்னபின்னும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு ஆட்கள் நடத்திய மணற் சோதனைகளை ஒருசேரப் பார்க்கும்போது, குழிந்த அலகுடைய புதுவகைகள் விரைவாகப் புதைவதும் மிகுதியாகப் பிடிப்பதும் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. கீல் வைத்த கலப்பை பின்தங்குவதும் அவ்வாறே. அப்படியானால், அறிந்தும் மாற்றாதிருப்பவர்கள் வெறும் பிடிவாதக்காரர்களா?

இதற்கு விடை கடலடியில் இல்லை; படகின் அணியத்தில், அதாவது முன்முனையில் இருக்கிறது. நங்கூரம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அங்கேதான் கழிக்கிறது. அங்குள்ள உருளையில் அது சரியாக அமர வேண்டும். அலையில் ஆடாமல், படகின் உடலை இடிக்காமல் இருக்க வேண்டும். கலப்பை வடிவத்துக்கென்று அமைந்த அணியத்தில் வளையம் வைத்த நங்கூரம் பல வேளைகளில் பொருந்துவதில்லை. நங்கூரத்தை மாற்ற உருளையையும், உருளையை மாற்ற அணியத்தின் அமைப்பையும் மாற்ற நேரிடுகிறது. ரோக்னாவை வடிவமைத்தவரே பின்னர் வளையம் இல்லாத ‘வல்கன்’ என்ற வடிவத்தை வெளியிட்டது இந்தத் தடையை உணர்ந்துதான்.

இது புதிய கதையன்று. குறுக்குத்தடி இல்லாத கப்பல் நங்கூரத்துக்கு இங்கிலாந்தில் 1821ஆம் ஆண்டிலேயே ஹாக்கின்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். அது கப்பல்களில் பரவலாக இடம்பெற்றதோ அந்த நூற்றாண்டின் இறுதியில்தான். அப்போதும் அது வென்றது பிடியின் வலிமையால் அன்று. ஒரே எடையில் பார்த்தால் பழைய குறுக்குத்தடி நங்கூரமே மிகுதியாகப் பிடிக்கும். ஆனால் புதியதைக் கப்பலின் பக்கத்துளை வழியாக நேரே உள்ளிழுத்துவிடலாம். பழையதைத் தூக்கித் தளத்தில் கிடத்தப் பல ஆட்கள் பாடுபட வேண்டும். கையாளும் எளிமைக்காகப் பிடிப்பில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அந்தக் குறையைக் கூடுதல் எடையால் ஈடுசெய்தார்கள். கருவிகளின் வரலாற்றில் ‘எது சிறந்தது’ என்ற கேள்வியைவிட ‘எது பொருந்துகிறது’ என்ற கேள்வி பல வேளைகளில் வலிமை வாய்ந்தது.

வேறு இரண்டு தடைகளும் உண்டு. துத்தநாகம் பூசிய எஃகு நங்கூரம் எளிதில் தேய்வதில்லை. பாய் கிழியும், கயிறு இற்றுப்போகும், எஞ்சின் பழுதாகும். அவற்றை மாற்றியே தீர வேண்டும். நங்கூரமோ படகு கைமாறும்போது அதோடு சேர்ந்தே கைமாறுகிறது. ‘இப்போது மாற்று’ என்று நினைவூட்டும் நாள் அதற்கு வருவதே இல்லை. மற்றொன்று, ஐயம். 2011ஆம் ஆண்டில், சீனாவில் செய்யப்பட்ட சில ரோக்னா நங்கூரங்களின் தண்டு, வடிவமைப்பில் குறித்திருந்த எஃகைவிடத் தாழ்ந்த தர எஃகால் ஆனது என்பது வெளிப்பட்டது. பின்னர் உற்பத்தி வேறு நிறுவனத்திடம் சென்றது. வடிவம் சிறந்ததாக இருக்கலாம். கடையில் கிடைக்கும் பொருள் அந்த வடிவத்துக்கு நேர்மையாக இருக்குமா என்று தயங்கியவரை அப்போது பழிப்பதற்கில்லை.

ஐயோவாவின் சோளமும் கடலின் நங்கூரமும்

புதியன பரவும் விதத்தை ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் இங்கே துணை செய்கின்றன. 1943ஆம் ஆண்டில் பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் இருவர் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 259 உழவர்களிடம் கேட்டறிந்த செய்தி அது. 1928ஐ ஒட்டிக் கிடைக்கத் தொடங்கிய விதை, 1941 அளவில் அவர்களுள் இருவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சென்றிருந்தது. விளைச்சல் மேலானது என்பது கண்கூடு. ஆயினும் உழவர்கள் உடனே முழு நிலத்திலும் விதைக்கவில்லை. ஒரு சிறு பகுதியில் விதைத்துப் பார்த்து, பிறகே ஆண்டுதோறும் பரப்பைக் கூட்டினர்.

எவரெட் ராஜர்ஸ் என்பவர் 1962இல் வெளியிட்ட நூலில், ஒரு புதுமை பரவும் வேகத்தை நிர்ணயிக்கும் ஐந்து பண்புகளைத் தொகுத்தார். பழையதைவிட மேன்மை, ஏற்கெனவே உள்ளவற்றோடு பொருத்தம், எளிமை, சிறிதளவில் செய்துபார்க்கும் வாய்ப்பு, பயன் பிறர் கண்ணுக்குத் தெரிதல் என்பன அவை. புதுவகை நங்கூரத்தை இந்த ஐந்தாலும் அளந்து பாருங்கள். மேன்மை உண்டு, எளிமையும் உண்டு. பொருத்தம் இல்லாததை அணியத்தில் கண்டோம். வயலின் மூலையில் விதைப்பதுபோல் நங்கூரத்தைக் கால்வாசி வாங்கிச் சோதிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் வேலை நீருக்கடியில், இருளில் நடக்கிறது. பக்கத்து வயலின் விளைச்சலை வரப்பில் நின்று பார்க்கலாம். பக்கத்துப் படகின் நங்கூரம் புதைந்திருக்கிறதா, வெறுமனே கிடக்கிறதா என்று யார் பார்ப்பது?

நடக்கக்கூடிய தீங்கு நடவாமற் போவதையே பயனாகக் கொண்ட புதுமைகள் மெதுவாகவே பரவும் என்பதையும் ராஜர்ஸ் எடுத்துக்காட்டினார். நங்கூரம் அத்தகையது. அதன் வெற்றிக்கு அடையாளம் ஒன்றும் நிகழாமையே. ஒன்றும் நிகழாத இரவைக் கண்டு யார் பாடம் கற்பார்?

தீர்ப்பு

படகுக்காரர்களைப் பழமைப் பித்தர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் வாதம் ஏற்கத்தக்கதன்று. தயக்கத்துக்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தக் காரணங்களை விட்டுவிட்டு, “கைவிட்டதில்லை” என்பதையே சான்றாக நீட்டும் வாதம் அதைவிடப் பலவீனமானது. அணியத்தில் பொருந்தவில்லை, விலை கட்டுப்படவில்லை, நான் செல்லும் கடல் முழுதும் சேறு என்று சொல்பவர் சிந்தித்து முடிவு செய்தவர். அமைதியான ஆயிரம் இரவுகளை எண்ணிக் காட்டுபவர் இன்னும் சிந்திக்கத் தொடங்கவில்லை. அவருடைய குடும்பத்தின் உயிர் அந்த எண்ணிக்கையின் மேல்தான் உறங்குகிறது. சோதனை முடிவுகளை நீட்டுகிறவரிடமும் கேட்க மூன்று கேள்விகள் உண்டு: எந்த மண்ணில்? எத்தனை முறை? யார் செலவில்?

கடல் இல்லாத ஊர் மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஓர் அகன்ற தட்டில் ஈர மணலைப் பரப்புங்கள். கைப்பிடி வளைத்த கரண்டி, முள்கரண்டி, ஏறக்குறைய அதே எடையுள்ள கூழாங்கல் ஆகிய மூன்றையும் நூலில் கட்டி, வில்தராசு கொண்டு ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை இழுங்கள். நூலைத் தரையோடு பிடித்து ஒரு வரிசை, சற்று உயர்த்திப் பிடித்து ஒரு வரிசை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மணலை எடுத்துவிட்டுச் சேற்றை நிரப்பி மறுபடியும் தொடங்குங்கள். எந்த வடிவம் வெல்கிறது என்பதைவிட முக்கியமானது ஒன்று அந்தப் பட்டியலில் தெரியும்: ஒரே பொருள் பத்து முறையில் எவ்வளவு மாறி மாறி நடந்துகொள்கிறது என்பது. முதல் முறை கிடைத்த எண்ணோடு நிறுத்தியிருந்தால் எந்த முடிவுக்கு வந்திருப்பீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.